மன்னரின் மருதாணித் தலை

எகிப்தை 66 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் ராம்சேஸ், கி.மு. 1213-ல் கண்மூடியபோது வயது ஏறக்குறைய தொண்ணூறு. தலை நரைத்திருந்தது. ஆனால், மம்மியைப் பார்த்தால் செம்பட்டை முடி! மருதாணி உபயம் என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர்.

முடி என்பது கெரட்டின் என்கிற புரதம். மருதாணியிலுள்ள லாசோன் அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும். உயிரோடிருப்பவர்கள் அளவில்லாமல் அப்பிக்கொண்டால் வம்பு - ஈரப்பசை குறைந்து முடி வைக்கோலாகிவிடும். எகிப்தியர்களோ தலைக்குக் கொழுப்பும் பூசினார்கள். 2011-ல் வெளியான ஆய்வில், மம்மிகளின் முடியிலேயே அது தெரியவந்தது. (சிகை கலையாமலிருக்கத்தான் பூசினார்களாம். முடி வறளாமலும் காத்திருக்குமே!)

செத்த ராம்சேஸுக்குப் பிரச்னை தலைகீழ். வறண்ட பாலைவனக் குகையில் பத்திரமாகக் கிடந்த உடலில், கெய்ரோ மியூசியத்தில் பூஞ்சை பிடித்துக்கொண்டது. 1976-ல் விமானமேறி பாரிஸுக்குப் போய், சிகிச்சை முடிந்து மறு ஆண்டு ஊர் திரும்பினார் மன்னர்!