சட்டமும் பள்ளியும்

கல்விக்கென அரசு ஒரு திட்டம் தீட்டுதல் எளிது. அது பள்ளி வாயிலைக் கடந்து பிள்ளையின் பலகைவரை சென்று சேர்தல் அரிது. மலாயாவின் கல்வி வரலாறு இதனை மூன்று படிகளில் காட்டுகிறது.

முதற்படி 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின், தோட்ட நிருவாகம் பள்ளி நடத்துதல் வேண்டும் என்று அது விதித்தது. விதி நன்றே. ஆயினும் பயிற்சி பெற்ற ஆசிரியரை உண்டாக்கும் வழி உடன் வகுக்கப்படவில்லை. ஆகவே பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பள்ளியாயிற்று. கங்காணியோ கிராணியோ ஆசிரியராயினர். பிள்ளைகளின் தலையை எண்ணிய சட்டம், அவர்களுள் எத்தனை பேர் படிக்கக் கற்றனர் என்று எண்ணவில்லை.

இரண்டாவது, 1951இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை. அக்குழுவில் மலாயரும் ஐரோப்பியருமே அமர்ந்திருந்தனர். தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாக, மலாயும் ஆங்கிலமும் வழங்கும் தேசியப் பள்ளிகளை அது பரிந்துரைத்தது. கலந்து பேசப்படாத சீனரும் தமிழரும் எதிர்த்தனர். அவ்வழியில் பிறந்த 1952ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், அவசரகாலச் செலவினால் பணமும் போதாமல், பெரும்பாலும் ஏட்டளவிலே நின்றது.

மூன்றாவது, 1956இன் ரசாக் அறிக்கை. பல இனத்தாரும் அமர்ந்த குழு அது. பயிற்றுமொழி வேறுபடலாம், பாடத்திட்டம் ஒன்றாதல் வேண்டும். மலாயும் ஆங்கிலமும் எங்கும் கட்டாயம் என்றது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்த் தொடக்கப் பள்ளி நாட்டின் கல்வியமைப்புக்குள் இடம் பெற்றது.

இதிலும் குறையுண்டு. தமிழ்வழி இடைநிலைக் கல்விக்கு இடம் வகுக்கப்படவில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டமோ, தேசிய மாதிரிப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்விதி இடம்பெறாதுபோகும்வரை, 35 ஆண்டுகள் தமிழ்ப் பள்ளிகள் அந்த அச்சத்தோடே வாழ்ந்தன.

ஆகவே புதிய திட்டம் எதுவாயினும் மூன்று கேள்விகள் கேட்போமாக: யாரைக் கலந்தார்கள்? ஆசிரியர் எங்கே? பணம் எங்கே? திட்டம் எங்கே தடைப்படுகிறது என்பதை முதலில் அறிபவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியரே. கருத்துக் கேட்கப்படும்பொழுது, தம் வகுப்பில் கண்டதை எண்ணிக்கையோடு அவர் எழுதியனுப்புதல் வேண்டும். 1923இல் எண்ணப்படாது போனதை எண்ணிக் காட்டவல்லவர் அவரன்றி வேறு யாவர்?