எஞ்சின் இன்னொருத்தருடையது: சின்னக் கராஜ்களில் பிறந்த ரேஸ் கார்கள்

ஸ்போட்ஸ் கார் என்றதும் நம்மட பொடியன்மாருக்கு முதலில் ஞாபகம் வாறது பெராரியும் லம்போர்கினியும்தான். பெரிய எஞ்சின், பெரிய சத்தம், பெரிய விலை. ஆனால் இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தப் பக்கத்தில் உள்ளவர்களிடம் பெரிய தொழிற்சாலை இல்லை, சொந்தமாக எஞ்சின் வார்க்கிற வசதியும் இல்லை. சாதாரண ஆட்கள் ஓடுகிற காரின் எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி எடை குறைந்த ஒரு உடம்பைக் கட்டினார்கள், அவ்வளவுதான். அப்படி ஒரு மனிதர் தமிழ் பேசுகிற ஊர் ஒன்றிலும் இருந்தார். ஊர் கோயம்புத்தூர். பெயர் எஸ். கரிவர்தன். அவர் செய்த வேலையின் பெறுமதி விளங்க வேண்டுமென்றால் முதலில் ஒருக்கா இங்கிலாந்துக்குப் போய் வர வேணும்.

வரிச் சட்டத்தில் இருந்த ஓட்டை

1948இல் கொலின் சப்மன் என்ற இளைஞர் பழைய ஒஸ்டின் செவன் கார் ஒன்றைப் பிரித்து, தனக்கென்று ஒரு போட்டிக் காரைச் செய்தார். 1952இல் லோட்டஸ் கம்பனி பிறந்தது. 1957இல் வந்தது லோட்டஸ் செவன். அதில் இருந்த எஞ்சின் அந்தக் காலத்துச் சாதாரண ஃபோர்ட் காரின் 1172 சீசீ எஞ்சின், சுமார் 40 குதிரைவலு. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் காரின் எடை ஏறத்தாழ 500 கிலோதான். அதிலேதான் விஷயம் இருந்தது.

எஞ்சினின் வலுவைக் கூட்டினால் நேர் ரோட்டில் வேகம் கூடும். எடையைக் குறைத்தால் வேகம் பிடிக்கும்போதும், பிரேக் அடிக்கும்போதும், வளைவில் திருப்பும்போதும் லாபம் கிடைக்கும். பின்னால் ரெண்டு மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடிய யாருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கார்கள் பரவியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அன்றைய பிரித்தானியாவில் முழுக் காராக வாங்கினால் கொள்வனவு வரி கட்ட வேணும். சாமான்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. லோட்டஸ் செவனைப் பெட்டிகளில் வாங்கிப்போய், வீட்டுக் கராஜில் தாங்களே பூட்டியவர்கள் ஏராளம். இதே காலத்தில் பிளக்பூல் என்ற கடலோர ஊரில் டீவீஆர், அண்ணன் தம்பி நாலு பேர் சேர்ந்து நடத்திய ஜினெட்டா என்று சின்னச் சின்னக் கம்பனிகள் முளைத்தன. 1959இல் தொடங்கிய மார்கோஸ் கம்பனியோ காரின் அடிச்சட்டத்தையே பிளைவூட்டில் செய்தது. அதன் பின்னால் இருந்த பிராங் கொஸ்டின் விமானத் தொழிலிலிருந்து வந்தவர்.

இவர்களில் பலருக்குக் கைகொடுத்த பொருள் ஃபைபர் கிளாஸ். இரும்புத் தகட்டில் கார் உடம்பு செய்ய வேண்டுமென்றால் ராட்சத பிரஸ் மெஷின்களும் அச்சுகளும் வேணும். ஆயிரக்கணக்கில் கார் விற்றால்தான் அந்தக் காசு திரும்பும். ஃபைபருக்கு அது தேவையில்லை. ஒரு மோல்ட், ஃபைபர் துணி, ரெசின், பொறுமை, இவ்வளவும் போதும். சாய்ந்தமருது, கல்முனைக்குடி, நிந்தவூர்க் கடற்கரைகளில் நிற்கிற ஃபைபர் போட்டுகளும் இதே முறையில் செய்ததுதான். போட்டின் ஓட்டையை அடைக்கிற நம்மட ஆட்களின் கைவேலையும், லோட்டஸ் எலானின் உடம்பைச் செய்த கைவேலையும் ஒரே ஜாதி.

1973இல் பிரித்தானியா கொள்வனவு வரியை எடுத்துவிட்டு வெட் வரியைக் கொண்டுவந்தது. சாமான்களாக வாங்கினாலும் வரி என்றாகியது. ஓட்டை அடைபட்டது. அதே வருடம் லோட்டஸ் கம்பனி செவனைச் செய்யும் உரிமையை கேட்டர்ஹாமுக்குக் கொடுத்துவிட்டது. கேட்டர்ஹாம் இன்றும் அதே வடிவத்தைச் செய்து விற்கிறது. வேறு பல பெயர்கள் காணாமல் போய்விட்டன.

கோயம்புத்தூர்க் கணக்கு

இங்கிலாந்தில் ஒரு ஓட்டை இந்தத் தொழிலை வளர்த்தது. இந்தியாவிலோ இறக்குமதி வரி என்ற மதில் வளர்த்தது.

சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் என்ற இடத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போட்ஸ் கிளப் அதிலே ரேஸ் நடத்தியது. பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து பழைய ரேஸ் கார் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் பியட்டையும் ஹெரல்டையும் நோண்டி ஓடுவார்கள். ரெண்டுக்கும் இடையில் படிக்கட்டே இல்லை. திறமை உள்ள ஏழைப் பொடியன் பார்வையாளர் பக்கத்தில்தான் நிற்க வேணும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சீசீ, மூன்று சிலிண்டர், சின்ன எஞ்சின், பாரமும் குறைவு. கொஞ்ச வருடத்தில் இந்தியா முழுக்க எந்தக் கடையிலும் அதற்குச் சாமான் கிடைத்தது. துணி ஆலைக் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன் தானும் ரேஸ் ஓடியவர். அவர் இந்த எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் இருந்து ஓடுகிற திறந்த சக்கர ரேஸ் கார் ஒன்றைக் கோயம்புத்தூரிலேயே செய்தார். 1988இல் வந்த அந்தக் காரை ஃபோர்மியுலா மாருதி என்று சொல்வார்கள். பம்பு, மோட்டார், வார்ப்பு வேலை, லேத் வேலை எல்லாம் தெருவுக்குத் தெரு இருந்த ஊர் என்பதால் செய்கிற கைகளைத் தேடி அவர் தூரம் போகத் தேவைப்படவில்லை.

அந்தக் கார் உலகத்தரத்தில் வேகமானது இல்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே அமைப்பு. வெல்கிறவன் காசால் வெல்ல முடியாது, கையால்தான் வெல்ல வேணும். உடைந்தால் பசாரில் சாமான் வாங்கித் திருத்தலாம். 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை திறந்ததும், ஓட இடமும் கிடைத்தது. அங்கே ஃபோர்மியுலா மாருதியில் தன் முதல் ரேஸை ஓடிய கோயம்புத்தூர்ப் பொடியன்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபோர்மியுலா வன்னில் இறங்கிய முதல் இந்தியர்.

அதைப் பார்க்க கரிவர்தன் இருக்கவில்லை. 1995இல் விமான விபத்தில் மௌத்தாகிவிட்டார். 2003இல் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் திறந்த ரேஸ் பாதைக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

ரோட்டில் எடுபடாதவை

இதே முறையில் ரோட்டுக்குக் கார் விற்கவும் சிலர் முயற்சி செய்தார்கள். 1998இல் சான் மோட்டார்ஸ் கொண்டுவந்த சான் ஸ்டோர்ம் ரெண்டு பேர் இருக்கிற ஃபைபர் கார், ரெனோவின் 1149 சீசீ எஞ்சின், 60 குதிரைவலு. சிங்காரா என்ற கம்பனி லோட்டஸ் செவன் மாதிரியில் ஒரு காரைச் செய்து, அம்பாசடரில் வந்த 1.8 லீட்டர் இசுசு எஞ்சினை அதில் வைத்தது. ரெண்டும் பெரிதாக விற்கவில்லை. ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒரு கார் வாங்குகிற நாட்டில், உம்மா வாப்பாவை ஏற்ற முடியாத காருக்கு யார் காசு கொடுப்பார்?

நம்மட நாட்டிலும் ஒரு முயற்சி உண்டு. கொழும்பில் கோட்ஜென் என்ற மென்பொருள் கம்பனி வேகா என்ற மின்சார சுப்பர் காரைச் செய்தது. இது நேர் எதிர் வழி: இரவல் எஞ்சின் இல்லை, கார்பன் ஃபைபர் உடம்பு. 2020 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் அதைக் காட்டத் திட்டமிட்டார்கள். கொரோனாவால் கண்காட்சியே நின்றுபோனது. பெருமைப்பட வேண்டிய முயற்சிதான். ஆனால் கல்முனைப் பொடியன் ஒருவன் ஏறி ஓடிப் பழகுகிற கார் அது இல்லை.

நம்மட கரையில்

இந்தக் கதை நமக்கு ஏன் தேவை? மாருதி 800உம் அதே 796 சீசீ அளவு எஞ்சினோடு வந்த அல்ட்டோவும் நம்மட ரோட்டில் எவ்வளவு ஓடுது என்று எண்ணிப் பாருங்கள். ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் கடற்கரையில் இருக்கிறார்கள். லேன்ட்மாஸ்டரை வயலுக்கும் வண்டிக்கும் தண்ணி இறைக்கவும் மாற்றி மாற்றிப் பூட்டுகிற மெக்கானிக்மார் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமே இருக்கு.

வேகத்துக்கு ஆசைப்படுகிற பொடியன்மாருக்கும் குறைவில்லை. அவர்களுக்கு இருக்கிற ஒரே பாதை கல்முனை – அக்கரைப்பற்று மெயின் ரோட்டுத்தான். பள்ளிவாசலும் பாடசாலையும் சந்தையும் ஒட்டி நிற்கிற அந்த ரோட்டில், இரவில் மோட்டார் சைக்கிளை முறுக்கிப் போய் வீட்டுக்குத் திரும்பாத பிள்ளையின் ஜனாஸாவுக்குப் போகாத ஊர் நம்மில் எது? ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைத் திட்டுகிறோம், பெற்றாரைத் திட்டுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம்.

கரிவர்தன் தன் ஊரில் செய்தது அதிசயம் ஒன்றும் இல்லை. மலிவான எஞ்சின், எல்லாருக்கும் சமமான கார். அதோடு வெளிவாகனமும் பாதசாரியும் வராத ஒரு பாதையும் சேர்ந்தபோதுதான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இதில் முதலாவது நம்மட ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கு. இரண்டாவதைச் செய்கிற கைகளும் இருக்கு. மூன்றாவதைக் கேட்டு மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் நாம் இன்னும் ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறோமா?