கைநாட்டின் கதை

எழுத்தறியாதவரைக் 'கைநாட்டு' என்று இழித்துரைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இன்றோ கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே கைநாட்டு வைக்கிறோம். திருவள்ளூர் நியாயவிலைக் கடையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைவாயிலிலும் விரலே பெயராகிவிட்டது.

இதன் வேர் 1858இல் இருக்கிறது. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ஒப்பந்தக்காரரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத் தாளில் வாங்கினார். பின்னாளில் அவர் தம் ஒப்பத்தை மறுத்துவிடலாகாது என்பதே நோக்கம். உழைப்பவன் சொல்லின்மீது கொண்ட ஐயத்தில் பிறந்தது இம்முறை எனலாம்.

தமிழகத்தில் அவ்வையம் சமூகங்கள் முழுமையின்மீதும் கவிந்தது. 1871இல் வடக்கே இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதனைக் 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் மாயக்காள் உள்ளிட்ட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது. ஆயினும் அதே 1920இல் வந்த கைதிகள் அடையாளச் சட்டம் நூறாண்டு நிலைத்தது. 2022இல் அதனிடத்தில் வந்த புதிய சட்டம் கருவிழியையும் சேர்த்துக்கொண்டு, பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க வழிசெய்தது.

ஆதாரைக் கைரேகைச் சட்டத்தோடு ஒருதட்டில் நிறுத்துவது நியாயமன்று. அது கண்காணிக்கப் பிறந்தது; இது மானியம் சேர்க்க வந்தது. நீதிமன்றமும் வாளாவிருக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துக் கூறினர். 2018இல் ஆதார் சட்டத்தை ஏற்ற தீர்ப்பு, ரேகை பொருந்தாமையால் எவருக்கும் மானியம் மறுக்கப்படலாகாது என்றது. எனவே நியாயவிலைக் கடையில் மறுக்கப்பட்டவர் வாதாடச் சட்டத்தில் ஓர் இடமுண்டு.

ஆலைவாயிலில்? 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை சார்ந்த காரியங்களுக்காகத் தொழிலாளியின் ஒப்புதல் இன்றியே அவர்தம் தரவுகளை முதலாளி கையாள இடமளிக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இரும்பாலைகளில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்பவரிடம் ஒப்புதல் கேட்டாலும் அவர் மறுக்கப்போவதில்லை என்பது வேறு. இரும்பும் செங்கல்லும் பிடித்த விரலில் ரேகை தேயும். தேய்ந்த விரலைக் கருவி ஏற்காத நாளில், அன்றைய கூலிக்கு அவர் யாரிடம் முறையிடுவார்?

பெருங்காமநல்லூரார்க்கு எதிரே ஓர் அதிகாரியேனும் நின்றார். 'வைக்கமாட்டோம்' என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தது. கருவிக்கு முகமில்லை. ஆகவே ரேகை தவறினால் மாற்றுப் பதிவும், காரணம் கேட்கும் உரிமையும் ஆலைவாயிலுக்கும் சட்டமாக வேண்டும். ஒருவர் சொல்லைக் கேட்கும் கடமையை விரலின் தடம் நீக்கிவிடலாகாது.