லயோல் கத்தி

எங்கள் தெரு சொல்தா அண்ணன் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வோம். வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். போன மாதம் அவருடைய பேரன் ஒரு மடக்குக் கத்தியைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் எடுத்து வந்தான்.

"தாத்தா, இதுல பிரெஞ்சுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. இந்தக் கத்தி நூறு யூரோ, இருநூறு யூரோன்னு விக்கிதாம். தாத்தாவோடது பழசு, இன்னும் கூடப் போகும் இல்ல?"

எனக்கு நன்றாகத் தெரிந்த கத்தி. 1996-ல் மகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போன அண்ணன், பாரிசில் சுற்றுலாக்காரர்கள் கூடும் இடத்தில் ஒரு கடையில் வாங்கி வந்தது. மாம்பழமோ கொய்யாவோ, அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து இதில்தான் நறுக்குவார். நறுக்கி முடித்ததும் துடைத்து, பிடியின் தலைப்பில் இருக்கும் தேனீயைக் கட்டைவிரலால் தடவிக் காட்டி, "அசல் லயோல் தம்பி" என்பார். எழுத்துக் கூட்டிப் படித்தால் லாகுயியோல் என்று வரும். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் லயோல் என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கே அதைக் கற்றுக் கொடுத்தவர் அண்ணன்தான்.

கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அலகில் லயோல் என்ற பெயர் இருந்தது, துருப்பிடிக்காத எஃகு என்று இருந்தது, தேனீயும் இருந்தது. செய்தவர் பெயரும் இல்லை, செய்த ஊரும் இல்லை. பையனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பது கொஞ்சம் நீளமான கதை.

லயோல் என்பது பிரான்சின் தென்பகுதியில், அவெரோன் மாவட்டத்தில், ஒப்ராக் என்னும் மேட்டுநிலத்தில் உள்ள சின்ன ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம், மக்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். மாடு வளர்ப்பும் பாலாடைக்கட்டியும்தான் தொழில். அங்கே 1829-ல் பியேர்-ழான் கல்மெல்ஸ் என்ற கொல்லர் மடக்குக் கத்தி செய்யத் தொடங்கினார். குளிர்காலத்தில் பிழைப்புக்காக ஸ்பெயினுக்குப் போன ஆட்கள் அங்கிருந்து கொண்டுவந்த நவாஹா கத்தியின் சாயல் இதில் சேர்ந்தது என்பார்கள். பிறகு மாடு மேய்ப்பவர்களுக்காக ஒரு குத்தூசி சேர்த்தார்கள். ஈரப் புல்லை மேய்ந்து மாட்டுக்கு வயிறு உப்பிக்கொண்டால், விலாப்பக்கம் குத்திக் காற்றை வெளியேற்ற அது உதவும். 1880 வாக்கில் தக்கை திருகியும் வந்து ஒட்டிக்கொண்டது. இதற்குக் காரணம் மாடு அல்ல, மனிதர்கள். அந்த மாவட்டத்து ஆட்கள் கும்பலாகப் பாரிசுக்குப் போய்க் காப்பிக்கடையும் ஒயின்கடையும் வைத்த காலம் அது.

தேனீ இன்னும் பிந்தியது. 1908, 1909 வாக்கில்தான் வருகிறது. நெப்போலியன் அந்த ஊர்க்காரர்களின் வீரத்தை மெச்சித் தன் ராஜமுத்திரைத் தேனீயைக் கொடுத்தார் என்று கடைக்காரர்கள் சொல்வது கட்டுக்கதை. தேதியைப் பார்த்தாலே தெரியும். நெப்போலியன் இறந்தது 1821, கத்தி பிறந்தது 1829. ஆனால் கதை கேட்க நன்றாக இருப்பதால் நன்றாக விற்கிறது. அண்ணனும் அதைச் சொல்லித்தான் காட்டுவார். நான் குறுக்கே பேசியதில்லை.

இனி இரண்டாவது ஊர். லயோலுக்கு வடக்கே, ஓவெர்ன் பகுதியில் தியேர் என்ற பட்டணம் இருக்கிறது. துரோல் ஆற்றின் வேகத்தில் சக்கரம் சுழற்றி, பல நூறு ஆண்டுகளாகக் கத்தி செய்யும் ஊர். பிரான்சில் செய்யப்படும் கத்திகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. சாணை பிடிப்பவர்கள் ஆற்றோரப் பட்டறையில் பலகைமேல் குப்புறப் படுத்து, முகத்துக்குக் கீழே சுழலும் கல்லில் அலகைத் தீட்டுவார்கள். ஈரமும் குளிரும் தாங்காமல் கால்மேல் ஒரு நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்களாம். பழைய புகைப்படங்களில் அந்த நாய்களைப் பார்க்கலாம். கல்லின் தூசி படிந்து மஞ்சளான வயிற்றை வைத்து அவர்களுக்கு மஞ்சள் வயிற்றுக்காரர்கள் என்றே பெயர்.

லயோல் கத்திக்குப் பெயர் வந்ததும் தியேர்க்காரர்களும் அதே உருவத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே இது தொடங்கிவிட்டது. மலிவாகவும் ஏராளமாகவும் செய்தார்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் லயோல் ஊரில் பட்டறைகள் ஏறக்குறைய அணைந்தே போயின. தியேர் இல்லாவிட்டால் அந்தக் கத்தியே செத்திருக்கும். அப்படியானால் தியேரில் செய்த லயோல் போலியா, அசலா? தியேர்க்காரரைக் கேட்டால் "நாங்கள்தானே காப்பாற்றினோம்" என்பார். லயோல்காரரைக் கேட்டால் "எங்கள் ஊர்ப் பெயரை நீ ஏன் போட்டாய்" என்பார். என் கணக்கில் இரண்டும் நியாயம்தான். 1980-களின் பிற்பகுதியில் லயோல்காரர்கள் ஊருக்குத் தொழிலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1987-ல் புதிய பட்டறை எழுந்தது. பிலிப் ஸ்தார்க் வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் கூரையில் 18 மீட்டர் உயரக் கத்தி அலகு ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கிறது.

பெயர்ச் சண்டை கத்தித் தொழிலுக்குப் புதிதல்ல. கத்தியின் தரம் கண்ணுக்குத் தெரியாது. எஃகுக்குச் சரியாகப் பதம் கொடுத்திருக்கிறதா என்பது வாங்கி ஆறு மாதம் வெட்டிய பிறகுதான் புரியும். அதனால் வாங்குகிறவன் நம்புவது அலகில் குத்தியிருக்கும் முத்திரையைத்தான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திக்கு உலகமெங்கும் மதிப்பு. ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க்காரர்கள் சிலர் தங்கள் மலிவுக் கத்தியில் ஷெஃபீல்டு என்று குத்தி அனுப்பினார்கள். ஷெஃபீல்டுக்காரர்கள் போட்ட கூச்சலில் 1887-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சரக்கு முத்திரைச் சட்டம் கொண்டுவந்தது. மேட் இன் ஜெர்மனி என்ற சொற்கள் இந்தச் சட்டத்தால் பரவியவைதான். இந்தியாவுக்கும் 1889-ல் அதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. மட்டம் என்று காட்டுவதற்காகக் குத்தச் சொன்ன முத்திரை சில வருஷங்களில் ஜெர்மன் சாமானுக்கே பெருமையாகிவிட்டது. கடைசியில் சோலிங்கன் என்ற பெயரையே மற்றவர்கள் திருட ஆரம்பித்தார்கள். 1938-ல் ஜெர்மனி அந்தப் பெயரைக் காக்கத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

லயோலுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லாமல் போனதுதான் வினை. 1993-ல் பாரிசைச் சுற்றியுள்ள புறநகரிலிருந்து ஒரு வியாபாரி லயோல் என்ற பெயரையும் தேனீப் படத்தையும் வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டார். கத்திக்கு மட்டுமல்ல, துணி, வீட்டுச் சாமான் என்று பல இனங்களுக்கு. அவருக்கு அந்த ஊரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் மனு சரியாக இருந்தது, கட்டணம் கட்டியிருந்தது, ஆட்சேபணை யாரும் தெரிவிக்கவில்லை. அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த குமாஸ்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் மேசைக்கு வந்தது ஒரு பெயர். அந்தப் பெயரில் மனுஷர்கள் குடியிருக்கிறார்களா என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.

பிறகு ஆசிய நாடுகளில் செய்த கத்திகள் லயோல் என்ற பெயரோடும் தேனீயோடும் கடைகளில் குவிந்தன. பட்டறையில் ஒரே ஆள் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பொருத்தும் கத்தி நூறு யூரோவைத் தாண்டும்போது, இவை சில யூரோவுக்கு வந்தன. வாங்கியவன் பிடி ஆடுகிறது, ஸ்பிரிங் தளர்கிறது என்று கண்டால் யாரைத் திட்டுவான்? பெயரைத்தான். வேடிக்கை என்னவென்றால், இவை சட்டப்படி போலி அல்ல. ஊர் வழக்குப் போட்டது. 1999-ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், லயோல் என்பது இப்போது ஒரு வகைக் கத்திக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டது. நாம் எந்த வனஸ்பதியையும் டால்டா என்பது போல. ஊர் மறுபடி வழக்குப் போட்டு 2012-ல் மறுபடி தோற்றது. அந்தச் செப்டம்பரில் மேயரும் ஊராரும் சேர்ந்து ஊர் எல்லையில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றி இறக்கினார்கள். பெயர் எங்களுடையது இல்லை என்றால் பலகை எதற்கு என்று.

சண்டை அதோடு ஓயவில்லை. பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2016-ல் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொன்னது. 2019 மார்ச்சில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வியாபாரி தரப்பின் முத்திரைகளில் பலவற்றை ரத்து செய்தது. ஊர் கால் நூற்றாண்டு நீதிமன்றப் படி ஏறிய பிறகு. இதற்கிடையே, நம் நாட்டில் காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பதுபோல் புவிசார் குறியீட்டைக் கைவினைப் பொருள்களுக்கும் தர 2014-ல் பிரான்சில் சட்டம் வந்தது. உடனே லயோல் தனியாக ஒரு மனு, தியேரையும் சேர்த்துக்கொண்டு இன்னொரு கூட்டம் ஒரு மனு. பழைய வழக்கு புது உறையில்.

சேகரிப்பவர்களின் கஷ்டம் வேறு ரகம். பழைய லயோல் கத்தியில் கல்மெல்ஸ், பஜேஸ் போன்ற பட்டறைகளின் முத்திரை இருந்தால் விலை ஏறும். அதற்காகவே முத்திரையைப் பின்னால் குத்துகிறவர்கள் உண்டு. பழைய கரி எஃகு அலகு வருஷக்கணக்கில் பழம் வெட்டி, ரொட்டி வெட்டிச் சாம்பல் நிறமாகும். அந்த நிறத்தை வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டே வரவழைத்துவிடலாம். அமெரிக்காவில் கேஸ் என்ற கம்பெனி மடக்குக் கத்திகளுக்குச் சேகரிப்பவர்கள் அதிகம். 1970-ல் அலகில் பத்துப் புள்ளி வைத்து, வருஷம் ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அதை வைத்து எந்த வருஷத்துக் கத்தி என்று சொல்லலாம். முத்திரையை வைத்து வயது, வயதை வைத்து விலை என்று ஆன பிறகு முத்திரையைத் திருத்துகிறவன் வராமல் இருப்பானா? பழைய பிடியில் புது அலகைப் பொருத்தி விற்பதும் உண்டு. இதனால் நஷ்டம் ஏமாந்தவனுக்கு மட்டும் இல்லை. அசலை வைத்திருப்பவனும் சந்தேகப்பட ஆரம்பிக்கிறான். விற்கப் போனால் அவனை எல்லோரும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

பையனுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. காட்ட வேண்டியதை மட்டும் காட்டினேன். நல்ல பட்டறைக் கத்தியில் முதுகு ஸ்பிரிங்கின் மேல் அரத்தால் ஆள் கையால் வேலைப்பாடு செய்திருக்கும், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. இதில் அச்சடித்தது போல் வரிவரியாக இருந்தது. பிடி கொம்பு அல்ல, பிளாஸ்டிக். பித்தளைப் பூணுக்கும் பிடிக்கும் நடுவில் நகம் நுழையும் இடைவெளி. செய்தவர் தன் பெயரைப் போடவில்லை.

"அப்ப டூப்ளிகேட்டா தாத்தா?"

"விக்கப் போனா ஒண்ணும் வராதுப்பா."

அவன் கத்தியைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றினான். வாசல் வரை போய்த் திரும்பி, "ஆயாகிட்ட சொல்லிடாதீங்க. அது பாதி நாள் தலைகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுப் படுக்குது" என்றான்.

நான் எங்கே போய்ச் சொல்லப் போகிறேன்! ஆனால் மூன்றாம் நாள் காலையில் பால் வாங்கப் போனபோது அண்ணியே என்னை நிறுத்தினார். எண்பதைத் தாண்டியவர். காது கொஞ்சம் மந்தம், கண் மட்டும் கூர்மை.

"தம்பி, பேரப்பிள்ள கத்தியக் கொண்டாந்து காட்டினானாமே. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியறான். அது அசல் இல்லையா? உங்க அண்ணன் எழுநூறு பிராங்க் குடுத்து வாங்கினாரு. எங்கிட்டச் சொல்லாம வாங்கினாரு, அதுக்கு நான் அந்த ஊர்லயே சண்டை போட்டேன்."

எழுநூறு பிராங்க். அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு பட்டறையில் செய்த நல்ல கத்தியே வாங்கியிருக்கலாம். கடைக்காரன் நெப்போலியன் கதையையும் சேர்த்து விற்றிருக்கிறான்.

"லயோல் கத்திதான் அண்ணி, அதுல சந்தேகமே இல்ல" என்றேன்.

1999 தீர்ப்பின்படி பார்த்தால் அது பொய் இல்லை. அண்ணி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, அதத் தீட்டணும். சாணை புடிக்கிறவன் வந்தா எங்க வீட்டுக்கு அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு போனார்.