மாப்பிள்ளைத் தேட்டம்

1953-இல் வெளியான ஹாலிவுட் நகைச்சுவைப் படமொன்றில் மர்லின் மன்றோ, பெட்டி கிரேபிள், லாரன் பகால் மூவரும் செல்வக் கணவரைப் பிடிக்க நியூயார்க்கில் ஆடம்பர மாடிவீட்டை வாடகைக்கு எடுக்கின்றனர். (இயேசுவின் அங்கியைப் பற்றிய 'தி ரோப்' படமும் அதே ஆண்டில், அதே சினிமாஸ்கோப்பில் வந்ததே!) ஏழையென்று பகால் ஒதுக்கியவனே கோடீஸ்வரன் என்பது கதையின் முடிச்சு.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இக்கதை தலைகீழ். இங்கே பணத்தோடு மாப்பிள்ளை தேட வேண்டியவர் பெண்ணைப் பெற்றவர். 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தும் பேரம் நிற்கவில்லை. அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1994-இல் 'கருத்தம்மா'வில் காட்டியது, பெண்சிசுவைக் கொல்லத் துணிந்த தகப்பனை. அங்கே நமக்குச் சிரிப்பு வரவில்லை.

1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தேனி மாவட்டத்துக்கும் வந்தது. பெற்றவர் பெயர் சொல்லாமலே மகவை அத்தொட்டிலில் விட்டுச் செல்லலாம்.