கைமாறும் கடல்நீர்: வற்றாப்பளைப் பொங்கலில் கூட்டுப்பணியின் அமைப்பு

நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசித் திங்களில் நடக்கும் பொங்கலை, கண்ணகி வழிபாட்டின் வரலாற்றுச் சான்றாகவே நாம் பெரிதும் பேசிவந்திருக்கிறோம். இக்கட்டுரை அதை ஒரு பேரமைப்பாகக் காண்கிறது. இலட்சக்கணக்கானோர் கூடும் அப்பொங்கல், ஒருவருடைய பணியை இன்னொருவர் ஏற்றுத் தொடர்வதாலேயே நிறைவேறுகிறது.

பாக்குச் சேகரிக்கும் சடங்கான பாக்குத்தெண்டலோடு காரியங்கள் தொடங்கும். பின்னர் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பர். அந்த நீர் நேரே வற்றாப்பளைக்கு வருவதில்லை. முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குச் சென்று, அங்கே ஏழு நாள் விளக்கெரிக்கப் பயன்படுகிறது. ஞாயிறன்று அங்கே பொங்கல். அதன்பின் மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்குப் புறப்படும். மூதாட்டியாக வந்த அம்மன், எண்ணெய் இல்லையென்று நின்ற இடைச்சிறுவரிடம் கடல்நீரை ஊற்றி விளக்கேற்றச் சொன்னாள் என்கிறது தலக்கதை. இல்லாததைத் தேடி அலையாமல் அருகிலிருப்பதைக் கொண்டு காரியம் நடத்தும் ஊரின் மனம் அக்கதையில் இருக்கிறது.

வேலைப் பிரிவினையே நவீன சமூகத்தைப் பிணைக்கிறது என்று 1893 இல் சமூகவியலாளர் எமில் தூர்க்கைம் வாதிட்டார். பிரிவினை மட்டும் போதாது என்பது என் துணிபு. அலுவலகங்களிலும் வேலை பிரிந்தே இருக்கிறது; ஆனாலும் கோப்புகள் மேசைக்கு மேசை தேங்குகின்றன. அனுப்பியவர் அதோடு தன் கடமை தீர்ந்தது என்றிருக்கிறார், பெறுபவரோ அதற்காகக் காத்திருக்கவில்லை. தீர்த்தக்குடம் போகும் வழியிலோ வீட்டுக்கு வீடு காத்திருக்கிறார்கள். பிந்தினால் ஊருக்கே தெரியும். தூக்கியவர் களைத்தால் தோள் கொடுக்க ஆளும் அங்கேயே உண்டு. ஒருவர் வேலையில் மற்றவருக்கு இருக்கும் இந்த அக்கறையே பரஸ்பர உதவியின் வேர்.

இப்பொங்கலில் மரபுரிமையாக வந்த பணிகள் பிறருக்குக் கதவடைக்கின்றன என்ற மறுப்பு நியாயமானது. உள்வட்டச் சடங்குகளில் அது உண்மைதான். வெளிவட்டம் அப்படியன்று. தண்ணீர்ப்பந்தல், அன்னதானம், துப்புரவு, விசேட பஸ் சேவை எல்லாம் தொண்டர்களும் அரச திணைக்களங்களும் முன்கூட்டியே கூடிப் பேசிப் பங்கிட்டுக்கொள்பவை. பரம்பரைக் கடமையும் கூட்டத் தீர்மானமும் ஒரே நாளில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

2009 இல் போர் முடிந்தபோது இந்நிலத்து மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். வீடும் ஆவணங்களும் அழிந்தன. ஆனால் எந்த வேலை யாருடையது என்ற அறிவு பல குடும்பங்களில் பரவியிருந்தது. மீளக்குடியேறிய ஊர் பழைய ஒழுங்கில் மீண்டும் கூடியதற்கு அதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன். இப்போதோ அந்த ஒழுங்கை அறிந்த மூத்தோர் குறைகிறார்கள், இளையோர் புலம்பெயர்கிறார்கள். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம், ஒவ்வொரு பணியையும் அதைச் செய்பவரின் வாய்மொழியிலேயே இனியும் தாமதிக்காமல் பதிவுசெய்ய வேண்டும்.