நரேன் கார்த்திகேயன்: ஃபார்முலா ஒன்னுக்கு முந்தைய பந்தய ஆண்டுகள்

நரேன் கார்த்திகேயன் (பிறப்பு: 14 ஜனவரி 1977) ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். சென்னையில் பிறந்து கோயம்புத்தூரில் வளர்ந்தவர். ஸ்டேன்ஸ் பள்ளி மாணவர். 2005இல் ஜோர்டன் அணியின் காரில் அமர்வதற்கு முன் ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் இந்தியா, பிரிட்டன், மலேசியா, ஜப்பான், ஸ்பெயின் என்று பல நாடுகளில் கீழ்நிலை ஒற்றை இருக்கைப் பந்தயங்களை ஓட்டினார். அவருடைய ஃபார்முலா ஒன் ஆண்டுகளைவிட இந்த ஆண்டுகளில்தான் அவருடைய திறமை தெளிவாகத் தெரிந்தது.

தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். மகனுக்கு வேகத்தின் மேல் ஆசை வந்ததற்கு வீடே காரணம். வாகனம் கிடைத்ததற்கு ஊர் காரணம். பஞ்சாலை இயந்திரங்களும் பம்பு மோட்டார்களும் செய்துவந்த கோவையில் லேத்தும் ஃபவுண்டரியும் தெருவுக்குத் தெரு இருந்தன. ஒரு பாகத்தைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தால் வார்த்து, கடைந்து கையில் தரக்கூடிய ஆட்கள் நிறைந்த ஊர் அது. பஞ்சாலைத் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் இந்தச் சூழலில்தான் சொந்தமாகப் பந்தயக் கார்களை வடிவமைத்தார். அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, மாருதி 800 காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு ஓடும் ஒற்றை இருக்கை வண்டி. எஞ்சின் பழுதானால் பாகங்கள் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்யும் வசதி இல்லாத இளைஞர்களுக்கும் பந்தயத்தின் கதவு அதனால் திறந்தது. இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் கரிவரதனுக்கு உரிய இடம் இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை.

இந்த வகை வண்டிக்கு வலு குறைவு. அதுவே ஓட்டுபவருக்குப் பாடமானது. வளைவில் தேவைக்கு மேல் பிரேக் அழுத்தி வேகத்தை விட்டுவிட்டால், அடுத்த நேர்ப்பாதையில் அதை மீட்டுத் தர எஞ்சினில் சக்தி இருக்காது. எனவே ஸ்டியரிங்கை எவ்வளவு குறைவாகத் திருப்பி, எவ்வளவு அகலமாகத் தடத்தைப் பயன்படுத்துவது என்பதைக் கற்றுக்கொண்டவரே முன்னால் வருவார். சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் தடத்தில் தன் முதல் ஃபார்முலா மாருதி பந்தயத்திலேயே நரேன் முதல் மூவருக்குள் வந்தார். ஐரோப்பாவில் இந்த நிலைக்கு வருபவர்கள் பள்ளிச் சிறுவர்களாக இருக்கும்போதே கார்ட்டிங்கில் பல ஆண்டுகள் ஓட்டியிருப்பார்கள். அந்தப் படி அன்றைய இந்தியாவில் அநேகமாக இல்லை.

1992இல் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் சேர்ந்து, ஃபார்முலா ரெனோ கார்களுக்கான பிலோட் எல்ஃப் தேர்வுப் போட்டியில் அரையிறுதி வரை சென்றார். 1993இல் இந்தியாவில் ஃபார்முலா மாருதியும் பிரிட்டனில் ஃபார்முலா வாக்ஸால் ஜூனியரும் ஓட்டினார். 1994இல் பிரிட்டனிலேயே ஃபவுண்டேஷன் ரேசிங் அணியின் இரண்டாவது ஓட்டுநராக ஃபார்முலா ஃபோர்டு ஸெடெக் தொடரில் ஓட்டினார்; போர்ச்சுகல் கிராண்ட் பிரீயை ஒட்டி எஸ்டோரிலில் நடந்த துணைப் பந்தயத்தில் வெற்றி மேடை ஏறினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் ஒரு சாம்பியன் பட்டத்தை இந்தியர் ஒருவர் வென்றது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது பதினேழு.

பிறகு ஆசியாவுக்குத் திரும்பினார். 1995இல் ஃபார்முலா ஆசியா தொடரில் நான்கு பந்தயங்கள் மட்டும் ஓட்டி, மலேசியாவின் ஷா ஆலமில் இரண்டாம் இடம் பெற்றார். 1996இல் தொடர் முழுவதும் ஓட்டிச் சாம்பியன் ஆனார். ஆசியர் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அப்போதுதான் முதல் முறை. மீண்டும் பிரிட்டன் சென்று 1997இல் ஃபார்முலா ஓப்பல் தொடரில் டொனிங்டன் பார்க் பந்தயத்தை முதல் வரிசையின் முதல் இடத்திலிருந்து தொடங்கி வென்று, ஆண்டின் முடிவில் ஆறாம் இடம் பெற்றார்.

1998 முதல் 2000 வரையிலான பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ ஆண்டுகளே இந்தக் காலத்தின் மையம். இத்தொடரில் இரண்டு லிட்டர் எஞ்சினுக்குள் செல்லும் காற்று முழுவதும் 26 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. எனவே எந்த அணி எவ்வளவு செலவழித்தாலும் எஞ்சின் வலுவில் பெரிய வேறுபாடு வரவில்லை. காரைத் தடத்துக்கு ஏற்ப அமைப்பதும் ஓட்டுவதுமே முடிவைத் தீர்மானித்தன. ஃபார்முலா ஒன் அணிகள் ஆள் தேட இங்கு வந்ததற்குக் காரணமும் அதுதான். கார்லின் அணியில் சேர்ந்த நரேன், முதல் ஆண்டில் பத்துச் சுற்றுகள் மட்டும் ஓட்டினார். கடைசி இரண்டிலும், ஸ்பாவிலும் சில்வர்ஸ்டோனிலும், மூன்றாம் இடம் பெற்றார். 1999இல் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் இரண்டு வெற்றிகளுடன் ஒட்டுமொத்தத்தில் ஆறாம் இடம். அதே தொடரில் அந்த ஆண்டு ஓட்டியவர்களில் ஜென்சன் பட்டனும் ஒருவர். அவர் 2009இல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் ஆனார்.

2000இல் ஸ்டூவர்ட் அணிக்கு மாறி நான்காம் இடம் பெற்றார். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் அந்தோனியோ பிஸோனியா, தோமஸ் ஷெக்டர், தகுமா சாத்தோ. இவர்களில் சாத்தோ பின்னாளில் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை இரு முறை வென்றவர். அதே ஆண்டு ஸ்பாவில் நடந்த சர்வதேச ஃபார்முலா த்ரீ பந்தயத்தையும் கொரிய சூப்பர் பிரீயையும் நரேன் வென்றார். மக்காவு நகரின் ஒடுங்கிய தெருத் தடத்தில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். சுவரை உரசாமல் சுவருக்கு அருகிலேயே ஓட்ட வேண்டிய அந்தத் தடத்தில் கிடைத்த முதலிடமே, நரேனின் வேகத்துக்கு இந்த ஆண்டுகள் தந்த மிகச் சிறந்த சான்று.

2001இல் ஜப்பானின் ஃபார்முலா நிப்பானில் ஓட்டினார். அந்த ஆண்டு ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் காரைச் சோதனைக்கு ஓட்டி, ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஜோர்டன் அணியின் சோதனையும் அதே ஆண்டு நடந்தது. ஆனாலும் பந்தய இடம் கிடைக்கவில்லை. சிறிய அணிகளில் இடம் பெற ஓட்டுநர் தன்னோடு விளம்பரதாரரையும் அழைத்து வர வேண்டும். கிரிக்கெட்டுக்கு வெளியே பெருந்தொகை போடும் இந்திய நிறுவனங்கள் அன்று மிகச் சில. 2002இல் டாட்டா ஆதரவோடு நிஸ்ஸான் உலகத் தொடரில் நுழைந்தார். 2003இல் இரண்டு பந்தயங்களை வென்று நான்காம் இடம் பெற்றார். மினார்டி அணி 2004ஆம் ஆண்டுக்கு இடம் தர முன்வந்தும், கேட்ட தொகை திரளாததால் அது கைநழுவியது. 2004இலும் நிஸ்ஸான் தொடரிலேயே ஓட்டி வாலென்சியாவிலும் மான்யி கூரிலும் வென்றார்.

2005 பிப்ரவரி 1 அன்று ஜோர்டன் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. மார்ச் 6 அன்று மெல்போர்னில் முதல் பந்தயத்தை முடித்தபோது அவர் பதினைந்தாம் இடத்தில் இருந்தார். ஜூனில் இண்டியானாபொலிஸில், மிஷலின் டயர் அணிகள் விலகியதால் ஆறு கார்கள் மட்டுமே ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். 2011, 2012இல் ஹெச்ஆர்டி அணிக்கு ஓட்டினார். 2010இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். ஃபார்முலா ஒன்னில் நரேன் ஓட்டியதைப் பார்க்க அவர் இல்லை. அவர் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே, கோவைக்குத் தெற்கே கிணத்துக்கடவு வட்டாரத்தை ஒட்டிய செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்டது. எல்ஜிபி குழுமத்தின் பி. விஜயகுமார் முன்னின்று அமைத்த 2.1 கிலோமீட்டர் தடம் அது. ஸ்விஃப்ட் காரின் எஞ்சின் பொருத்திய ஃபார்முலா எல்ஜிபி வண்டிகள் இங்கு ஓடுகின்றன. 2023இல் இந்தியாவுக்கென ஃபார்முலா ஃபோர் தொடர் தொடங்கி, அதன் பந்தயங்கள் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நடந்தன. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய தெருத் தடத்தில் இரவுப் பந்தயமும் நடந்தது.